பத்தாவது தலை

"ஒன்பது" என்றது சுவரிலிருந்த சதுர ஓட்டை.

ஓட்டைக்குப் பின்னால் இருந்தவர் ஆபரேட்டர். கீழே, கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மேனேஜர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க தம்பி. யாராவது குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கப் போறாங்க."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார். முன்னாலேருந்து எண்ணினாலும் ஒன்பது, பின்னாலேருந்து எண்ணினாலும் ஒன்பது. மணி ரெண்டே கால். ரெண்டரை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் மெஷினைத் துணி போட்டு மூடிடுவேன்."

மூடிவிடுவார். ஊரில் ஒரே தியேட்டர், அதற்கு ஒரே முதலாளி, அந்த முதலாளிக்கு இவர் ஒரே மருமகன். மாமனாரிடம் பெண்ணை மட்டுமா வாங்கினார்? பிடிவாதத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

பத்துத் தலை இல்லாமல் மத்தியானக் காட்சி ஓடக் கூடாது என்று முதலாளி சட்டம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. டிக்கெட் எண்ணிக்கை பத்தாது, ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆபரேட்டர் ஓட்டை வழியாகத் தலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேலை செய்கிறவர்களின் தலை கணக்கில் சேராது. இத்தனை கண்டிப்புக்குக் காரணம் மேனேஜர்தான். சட்டம் வந்த முதல் மாதத்தில் ஒருநாள் ஆள் குறைய, பழைய படத்து அட்டைக் கதாநாயகனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆறாவது வரிசையில் உட்கார வைத்தார். ஆபரேட்டர் கண்டுபிடித்துவிட்டார். "அந்த ஆள் அரை மணி நேரமா தூக்கின கையை இறக்கவே இல்லையே சார்" என்றார்.

ஆரம்பித்த படத்தை நிறுத்தக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆகவே ஆரம்பிக்கிற நேரத்துக்குப் பத்துத் தலை இருந்துவிட்டால் போதும், பிறகு யார் எழுந்து போனாலும் கவலையில்லை.

இரண்டு வருஷமாகப் பத்துத் தலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. தினமும் அதே பத்துப் பேர், அதே நாற்காலி. மூன்றாவது வரிசை ஓரத்தில் ரிட்டயரான டீச்சரம்மா, மடியில் எப்போதும் ஒரு புத்தகம். நடுவில் லாரி டிரைவர், உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் வாயைத் திறந்து தூங்கிவிடுவார். தூண் மறைவில் இரண்டு ஓரகத்திகள், வீட்டில் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறவர்கள், இரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. விளக்கு அணைகிற கடைசி நொடி வரை அச்சுத் தாளில் பிழை தேடுகிற பிரஸ்காரர். தபாலாபீஸில் ஒன்றாய் வேலை பார்த்து ஒன்றாய் ஓய்வுபெற்ற நான்கு பேர். அவர்கள் திரையைப் பார்ப்பதைவிட ஒருவர் உடம்பை ஒருவர் விசாரிப்பதுதான் அதிகம். பத்தாவது ஆள் வாட்ச் ரிப்பேர்காரர். போன வாரம்தான் அவரை மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன தலைக்கு மாற்றுத் தலை கிடைக்கவில்லை. ஊர் அப்படி. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாய்கூட நடுரோட்டில்தான் படுத்திருக்கும், ஓரமாய்ப் போக அதற்கும் சோம்பல். இப்படியாக நேற்றும் முந்தாநாளும் காட்சி ரத்து. மேனேஜர் ஒன்பது பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுத்தான் வழியனுப்பினார். அவர்கள் துக்கம் தாங்காமல் அவ்வளவு வேகமாய் வீட்டுக்கு நடந்ததைப் பார்த்து அவருக்கு இரண்டு ராத்திரியும் சாப்பாடு இறங்கவில்லை.

முதலாளி போனில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். "மூணாவது நாளும் ஓடலேன்னா மத்தியானக் காட்சிக்கு நிரந்தரமா மூடுவிழா. சாயங்காலம் மட்டும் ஓட்டினாப் போதும்."

இன்று மூன்றாவது நாள்.

டீச்சரம்மா புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பினார். "என்ன மேனேஜர், இன்னைக்கும் இல்லையா? அப்போ நாங்க கிளம்பட்டுமா?"

"ஐயோ, உட்காருங்கம்மா! நான் இருக்கேன்ல? தலைகீழா நின்னாவது ஓட்டிடுவேன்."

டீச்சரம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. நெகிழ்ந்துவிட்டார் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான். மேனேஜருடைய மனைவியின் அண்ணன், கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க. கடையில மத்தியானம் பொறுப்பா உட்கார ஆள் வேணும். நீங்க மாட்டேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

"மச்சான், மத்தியானம்னா இங்க ஒன்பது பேர்..."

"உங்க மத்தியானக் காட்சி ஆளுங்க கதையை ஒரு வருஷமா கேட்டுட்டேன். நேர்லயே வரேன் இருங்க."

வீட்டிலும் இதே பாட்டுத்தான். "உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லேன்னாக்கூட இருந்துடுவீங்க, அந்த மத்தியானக் காட்சி ஆளுங்க இல்லேன்னா இருக்க மாட்டீங்க" என்பாள் மனைவி. கோபத்தில் சொன்னாலும் சரியான எடைபோட்டுத்தான் சொன்னாள். சாயங்காலக் காட்சிக்குக் கூட்டம் தானாய் வரும், தானாய்ப் போகும். மேனேஜர் என்று ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. மத்தியானம் வருகிற ஒன்பது பேருக்குத்தான் அவர் வேண்டும். ஐம்பது வயதில் ஒரு மனிதனைத் தேடி தினமும் ஒன்பது பேர் வருவதென்றால் அது லேசுப்பட்ட சொத்தில்லை.

மேனேஜர் வெயிலில் இறங்கித் தெருவைத் தாண்டினார்.

எதிர்ச் சாரியில் சலூன் மட்டும் திறந்திருந்தது. சலூன்காரர் ஒரு பெரியவரின் இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் விஷயத்தைச் சொன்னார்.

"நல்லா இருக்கே! ஆளைப் பாதிக் கன்னத்தோட விட்டுட்டு வந்தா, நாளைக்கு எவன் எங்கிட்ட மூஞ்சியைக் குடுப்பான்?"

"அப்போ அவரையும் கூட்டிட்டு வாங்க. மீதியை உள்ள வச்சு முடிங்க. ஃபேன் காத்து இருக்கு."

நுரைக்குள்ளிருந்து பெரியவர் கேட்டார். "டிக்கெட் யார் செலவு?"

"என் செலவுங்க."

"எனக்குச் சினிமான்னாலே ஆகாது. என் வீட்டுப் படியை அது மிதிச்சதில்லை."

"ஒரு அரை மணி நேரந்தான் ஐயா."

"அரை மணின்னா அரை டிக்கெட்தானே, மிச்சத்துக்கு டீ வாங்கிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"வெறும் டீயா?"

மேனேஜர் மூச்சை இழுத்து விட்டார். "பிஸ்கட்டோட."

"சரி, இவ்வளவு வற்புறுத்தறீங்க" என்று பெரியவர் கழுத்துத் துண்டோடு எழுந்தார்.

தேவை ஒன்று, கையில் இரண்டு. மேனேஜருக்கு நடையே மாறிவிட்டது. இருவரையும் நான்காவது வரிசையில் உட்கார வைத்தார். சலூன்காரர் வாகாகத் திரும்பி உட்கார்ந்து கத்தியைத் தீட்டத் தொடங்கினார். மேனேஜர் ஓட்டையைப் பார்த்துக் கை காட்டினார்.

"எண்ணுங்க தம்பி! பதினொண்ணு!"

ஓட்டையில் ஒரு விரல் வரிசை வரிசையாக நகர்ந்தது.

"ஒன்பது சார்."

"கணக்கு தெரியுமா உங்களுக்கு? ஒன்பதும் ரெண்டும்..."

"ஒன்பதும் ரெண்டும் பதினொண்ணு. பதினொண்ணுல ரெண்டு போனா ஒன்பது. தூண் பக்கம் பாருங்க."

தூண் பக்கம் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.

ஓரகத்திகள் இருவரும் வெளி வராந்தாவில், அடுத்த படத்தின் விளம்பரத் தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். தட்டிக்குக் கீழே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன.

"என்னம்மா ஆச்சு?"

"மெதுவாப் பேசுங்க!" என்றாள் மூத்தவள். "அந்த நுரை மூஞ்சிக்காரரை யார் உள்ள கூட்டிட்டு வந்தது?"

"நான்தான். ஏன்?"

"அவர் எங்க மாமனார்."

மேனேஜருக்குத் தலை சுற்றியது.

"சினிமான்னு சொன்னாலே வீட்டுல மூணு நாள் சாப்பிட மாட்டார்ணே" என்றாள் இளையவள்.

"டீயும் பிஸ்கட்டும் குடுத்தா சாப்பிடுவார் போல இருக்கேம்மா."

"நாங்க வீட்டுக்குப் போயிடறோம். இன்னைக்கு ஒரு நாள்தானே?"

"இன்னைக்கு ஒரு நாள் இல்லேம்மா! இன்னைக்குப் போனா என்னைக்குமே போச்சு. உங்களை நான் பால்கனியில உட்கார வைக்கிறேன். ஒரு ஈ காக்கா பார்க்காது."

ஓரகத்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் பெருமூச்சு விட்டாள். "சரி, நடங்க" என்றாள்.

பால்கனியை மூடி நான்கு வருஷம் ஆகியிருந்தது. மேனேஜர் பூட்டைத் திறந்து, தன் கைக்குட்டையால் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துக் கொடுத்தார். அங்கே குடியிருந்த புறாக்கள் வந்தவர்களை அதட்டிவிட்டு நகர்ந்துகொண்டன.

கீழே ஓடி வந்தார். "இப்ப எண்ணுங்க தம்பி!"

"ஒன்பது."

"பால்கனியில ரெண்டு பேர் இருக்காங்க!"

"பால்கனி என் ஓட்டைக்கு நேர் கீழே இருக்கு சார். எனக்குத் தெரியாது. தெரியாத தலையை எப்படி எண்றது?"

"இறங்கி வந்து ஒரு எட்டுப் பாருங்களேன்."

"மெஷினை விட்டு இறங்கக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்கார். அட்டை ஆளை உட்கார வச்சவர் நீங்க. உங்களை நம்பி எப்படி சார்?"

மேனேஜர் தன் வாழ்நாளில் செய்த ஒரே மோசடி இப்படிப் பிடரியில் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. மறுபடி மேலே ஓடினார். பால்கனியின் முன் கைப்பிடிக்குப் போய்த் தலையை நீட்டி ஓட்டையைப் பார்த்துக் கையசைக்கும்படி இளையவளைக் கெஞ்சினார். அவளும் பாவம் போனாள். அவள் காலடியில் ஒரு புறா படபடவென்று கிளம்பியது; அவள் கத்தாமல் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் வளையல்களின் வாயை யார் பொத்துவது?

கீழே பெரியவர் அண்ணாந்தார். "மேல யாரு?"

"புறா ஐயா!" என்றார் மேனேஜர், பால்கனியிலிருந்தே.

"புறா வளையல் போட்டுருக்கா?"

இளையவள் நாற்காலிக்கு அடியில் போய்விட்டாள். இனி யார் சொன்னாலும் வெளியே வருவதாக இல்லை.

மேனேஜர் கீழே வந்தபோது சலூன்காரர் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவரின் வலது கன்னம் பளபளத்தது.

"முடிஞ்சுது. நான் வரேன்" என்றார் சலூன்காரர்.

"அஞ்சு நிமிஷம் உட்காருங்க!"

"கடை திறந்து கிடக்கு அண்ணாச்சி. ஒரு கண்ணாடி காணாமப் போனாலும் எனக்குத்தானே நஷ்டம்?" அவர் போய்விட்டார்.

"எட்டு" என்றது ஓட்டை, கேட்காமலே. "ரெண்டு இருபத்தாறு."

முதலில் ஒன்றுதான் குறைந்தது. இவ்வளவு பாடுபட்ட பிறகு இரண்டு குறைகிறது. மேனேஜர் வாசற்படிக்கு வந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு வருஷமாக இந்த நேரத்துக்கு அவர் இப்படித்தான் நிற்பார். தெருவில் வெயில் மட்டும் இருந்தது. தூரத்தில் ஒரு சரக்கு ஆட்டோ திரும்பி வந்து நேரே தியேட்டர் வாசலில் நின்றது.

ஆட்டோவிலிருந்து மச்சான் இறங்கினார். ஓட்டிக்கொண்டு வந்தவரும் இறங்கிச் சோம்பல் முறித்தார்.

மேனேஜர் மனிதர்களாக அவர்களைப் பார்க்கவில்லை. இரண்டு தலைகள் இறங்கி வந்தன.

"மச்சான், உங்க காலைப் பிடிக்கறேன். ரெண்டு பேரும் உள்ள வந்து ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க."

மச்சான் முப்பது வருஷ வியாபாரி. எதிராளி மூச்சு வாங்குவதைப் பார்த்தே சரக்கின் அவசரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தியேட்டரைப் பார்த்தார், நிதானமாகத் தூணில் சாய்ந்துகொண்டார்.

"உட்காரலாம் மாப்பிள்ளை. கடைக்கு என்னைக்கு வரீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வரேன்."

"ஞாயிற்றுக்கிழமை கடை லீவு."

"வாரத்துல மூணு நாள்."

"ஒரு தலை கேட்டிருந்தா மூணு நாளுக்கு ஒத்துக்கிட்டிருப்பேன். நீங்க ரெண்டு தலையில்ல கேட்கறீங்க?"

"ரெண்டு இருபத்தெட்டு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். இன்று ஓடவில்லையென்றால் மத்தியானக் காட்சியே இல்லை. இன்று ஓடிவிட்டால், நாளைக்கு அவர் இல்லாவிட்டாலும் வேறு யாராவது அந்த ஒன்பது பேருக்கு ஓட்டுவார்கள். கடையை விற்றுக் கடைக்குப் பூட்டு வாங்குகிற வியாபாரம்தான். ஆனாலும் ஒன்பது பேரும் உள்ளே காத்திருக்கிறார்களே.

"நாளைக்கே வரேன்" என்றார். "தினமும். முழுசா."

"கைகுடுங்க."

கை கொடுத்தார். மச்சானும் ஆட்டோக்காரரும் போய் உட்கார்ந்தார்கள்.

"பத்து" என்றது ஓட்டை. விளக்குகள் அணைந்தன.

மேனேஜர் வாசல் திரைச்சீலை ஓரமாக நின்றுகொண்டார். திரையில் யாரோ யாரையோ துரத்தினார்கள். அவருக்குப் படத்தில் என்றைக்குமே அக்கறை இருந்ததில்லை. ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தவரில்லை. திரை வெளிச்சத்தில் தெரிகிற பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்குப் படம். டீச்சரம்மாவின் நரைத்த கொண்டை. டிரைவரின் சாய்ந்த கழுத்து. தபாலாபீஸ்காரர்களின் நான்கு வழுக்கைகள், வெளிச்சம் மாற மாற ஒவ்வொன்றாய் மின்னும். ஒரு தலை வராத நாளில் அவருக்குச் சோற்றில் உப்பில்லாத மாதிரி இருக்கும்.

நாளைக்கு இந்நேரம் ஆணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் இரண்டு இஞ்ச் ஆணி கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பார், போய்விடுவார்கள். அவரைத் தேடி வரமாட்டார்கள், ஆணியைத் தேடித்தான் வருவார்கள். இவர்கள் மட்டும் தன்னைத் தேடியா வந்தார்கள், படத்துக்குத்தானே வந்தார்கள் என்று ஒரு எண்ணம் குறுக்கே ஓடியது. ஓடட்டும். படத்தைக் கொடுத்தது நான்தானே என்று அதற்கு ஒரு பதிலும் சொல்லிக்கொண்டார். தனக்குத்தானே பேரம் பேசும்போது மனிதன் எப்போதும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடுகிறான்.

இடைவேளை. விளக்கு எரிந்தது.

மச்சான் நாற்காலியில் சரிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் அவர் தோளில். பெரியவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் பார்த்துட்டே போறேன், இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றார்.

மேனேஜர் திரைக்கு முன்னால் போய் நின்றார். அந்த இடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நாளையிலேருந்து நான் இங்க இல்லை. எங்க மச்சான் கடைக்கு வேலைக்குப் போறேன்."

டீச்சரம்மா புத்தகத்தைக் கீழே வைத்தார். பிரஸ்காரர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். தபாலாபீஸ்காரர்கள் நான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பால்கனியிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இறங்கி வந்தது.

"நிஜமாவா?" என்றார் டீச்சரம்மா. குரல் நடுங்கியது. "திரும்பி வர மாட்டீங்களே?"

"வர முடியாதும்மா. வாக்குக் குடுத்துட்டேன்."

"மாத்த முடியாதா?" என்றார் தபாலாபீஸ்காரர்களில் ஒருவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

"முடியாது ஐயா."

அவர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். மேனேஜருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடினார். அது பால்கனித் தூசியோடு பால்கனியிலேயே கிடந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நீங்க யாரும் கவலைப்படாதீங்க. உங்களை நான் நட்டாத்துல விட்டுட்டுப் போக மாட்டேன். எனக்குப் பதிலா வர்ற ஆள்கிட்ட ஒவ்வொருத்தர் பேரா சொல்லிட்டுத்தான் போவேன். என்ன ஆனாலும் உங்க ஒன்பது பேருக்காக இந்தக் காட்சி தினமும் ஓடும்."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக லாரி டிரைவர் படத்தின் நடுவில் கண் விழித்தார். விழித்தவர் அப்படியே எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"அண்ணே, புண்ணியமாப் போகும், அது மட்டும் செஞ்சுடாதீங்க! இந்தக் காட்சி நின்னா நீங்க மனசு உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் இத்தனை நாளா நாங்க முறை தவறாம வந்து உட்கார்ந்துக்கிட்டிருந்தோம்!"